வால்-ஈ என்றொரு பொறுக்கி

“ஏல, இவனுக்குக் கூலி யாரு குடுக்கா?”

படம் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

கோடை லீவுக்குத் திருநெல்வேலி வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். மதியம் சாப்பிட்டு முடித்து, வெயிலுக்குப் பயந்து ஹாலிலேயே ஆளுக்கொரு பக்கம் சுருண்டு கிடந்த நேரம். மகள் டிவி ரிமோட்டைக் கைப்பற்றி, “இன்னைக்கு எல்லாரும் என் படம்தான் பாக்கணும்” என்று அறிவித்துவிட்டாள். அப்பா, அம்மா, நான், மனைவி, மகள், மனைவியின் தம்பி. ஆறு பேர். படம் ‘வால்-ஈ’. பெயரைக் கேட்டதும் அம்மா, “வாலா, ஈயா? ரெண்டுல ஒண்ணச் சொல்லு” என்றாள்.

நான் இதை முதலில் பார்த்தது 2009-இல், கல்லூரி ஹாஸ்டலில், ரூம்மேட்டின் கம்ப்யூட்டரில். சின்னத் திரை ஒன்றைச் சுற்றி எட்டுப் பேர் கட்டிலிலும் தரையிலும் நெருக்கியடித்துக்கொண்டு பார்த்தோம். அன்று ராத்திரி தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. அந்த எட்டில் நாலு பேருக்கு இந்தப் படத்தின்மேல் கிறுக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை எவனாவது திரும்பப் பார்த்துவிட்டு போன் போடுவான், பழைய வழக்கு மறுபடி விசாரணைக்கு வரும். யார் என்ன சொல்வான் என்பது மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால்தான் எங்கள் வீட்டு ஹாலில் அன்று நடந்த விசாரணையை எழுதி வைக்கத் தோன்றியது. இதில் எல்லாமே புது சாட்சிகள்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2008-இல் பிக்ஸார் எடுத்த படம், இயக்கியவர் ஆண்ட்ரூ ஸ்டான்டன். குப்பை மண்டிப்போன பூமியை விட்டு மனிதர்கள் விண்கப்பலேறிப் போய் 700 வருஷம் ஆகிவிட்டது. துப்புரவுக்கென்று விட்டுப்போன ரோபோக்கள் ஒவ்வொன்றாக நின்றுபோய், ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் வேலை பார்க்கிறது. காலையில் வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். குப்பையை வயிற்றுக்குள் அள்ளிப் போட்டு, அமுக்கி, சதுரக் கட்டாக வெளியே தள்ளும். அந்தக் கட்டுகளை அடுக்கும். அடுக்கி அடுக்கி, கட்டடங்களைவிட உயரமான கோபுரங்கள் நிற்கின்றன. 1994-இல் ஸ்டான்டனும் கூட்டாளிகளும் ஒரு மதியச் சாப்பாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது பிறந்த யோசனையாம் இது. மனுஷர்கள் எல்லாம் பூமியை விட்டுக் கிளம்பும்போது கடைசி ரோபோவின் ஸ்விட்சை அணைக்க மறந்துவிட்டால் என்ன ஆகும்?

இதைத்தான் அப்பாவுக்கும் சொன்னேன். “அணைக்க மறந்துட்டாங்கப்பா. அதான் பாவம் வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு. கூலியெல்லாம் கெடையாது.”

“மொதலாளி?”

“ஊரக் காலி பண்ணிட்டுப் போயாச்சு.”

“வெளங்குனாப்லதான்” என்று சொல்லிவிட்டு அப்பா தலையணையைச் சுவரில் சாய்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இன்றைக்குத் தூக்கம் கிடையாது.

அப்பா பழைய இரும்புக் கடைக்காரர். 31 வருஷம் நடத்தி, முட்டி வலி தாங்காமல் 2016-இல் ஷட்டரை இறக்கியவர். ஒரு சாமானை அவர் கண்ணால் பார்த்து முடிவு செய்து நான் பார்த்ததில்லை. தரையில் ஒரு தட்டு தட்டுவார், சத்தத்தை வைத்தே பித்தளையா, இரும்பு மேல் முலாம் பூசியதா என்று சொல்வார். சந்தேகம் வந்தால் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுப்பார், அதுவும் கொண்டுவந்தவனை நம்பவைப்பதற்காக. அப்படிப்பட்டவர் ஒரு குப்பை அமுக்கும் ரோபோவை இவ்வளவு காலம் பார்க்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

வால்-ஈ துப்பும் கட்டுகளைக் கூர்ந்து பார்த்துவிட்டு அப்பா தீர்ப்பு சொன்னார். “தப்பு பண்ணுதான். தகரம், பேப்பர், பிளாஸ்டிக்கு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அமுக்குதான் பாரு. பிரிக்காம அமுக்குன கட்ட எவன் வாங்குவான்?”

இத்தனை வருஷ விவாதத்தில் எங்கள் ஹாஸ்டல் கோஷ்டியில் ஒருவன்கூட இதைச் சொன்னதில்லை. வால்-ஈ என்பது சுருக்கப் பெயர். அதன் முதல் எழுத்துகளை விரித்தால் குப்பையை ஒதுக்கீடு செய்து சுமக்கும் பூமி வகை வண்டி என்கிற மாதிரி வரும். பெயரிலேயே ஒதுக்கீடு இருக்கிறது, வேலையில் இல்லை. அதைச் செய்துவிட்ட பைஎன்லார்ஜ் என்கிற கம்பெனி அதற்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அமுக்கவும் அடுக்கவும்தான்.

ஆனால் அடுத்த காட்சியிலேயே அப்பாவின் முகம் மாறியது. அமுக்கப் போகும் குப்பையில் ஏதோ ஒன்று கண்ணில் பட்டால் வால்-ஈ நின்றுவிடும். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். பிடித்துப் போனால் முதுகில் தொங்கும் டப்பாவில் போட்டுக்கொள்ளும். பிளாஸ்டிக் முள்கரண்டி, சிகரெட் லைட்டர், நிறம் மாற்றி விளையாடும் கட்டம் போட்ட கனசதுரம். ஒரு சின்ன வெல்வெட் பெட்டி கிடைக்கிறது. திறந்தால் உள்ளே வைர மோதிரம். மோதிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்கிறது! மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்க்கும்போது அதற்கு அப்படி ஒரு சந்தோஷம். மைத்துனன் “ஐயோ, லூசு” என்று கத்தினான். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “கீல் நல்லா இருக்குல்லா, அதான் எடுத்துருக்கான்” என்றார்.

சாயங்காலம் அது தன் வீட்டுக்கு, அதாவது பழுதான ஒரு பெரிய வண்டிக்குத் திரும்புகிறது. உள்ளே சுழலும் தட்டுகளில் அன்றைக்குப் பொறுக்கியதை இனம் பிரித்து வைக்கிறது. ஸ்பூன் ஒரு பக்கம், ஃபோர்க் ஒரு பக்கம். கையில் இருப்பதோ முனையில் பல் வைத்த ஸ்பூன், இரண்டிலும் சேராது. கொஞ்சம் திகைத்து, அங்கும் இங்கும் காட்டிப் பார்த்து, கடைசியில் இரண்டுக்கும் நடுவில் வைத்துவிடுகிறது. “இது பொறுக்குற கை” என்றார் அப்பா. “பகல்ல மொதலாளி வேல. ராத்திரி சொந்த வேல.”

அந்தப் ‘பொறுக்குற’ என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு பட்டப்பெயர். ஒன்று ‘காயலாங்கடை’. இன்னொன்று ‘பொறுக்கி’. முதலாவது உண்மை, கோபப்பட முடியாது. இரண்டாவதற்குச் சண்டை போட்டிருக்கிறேன், சட்டை கிழிந்திருக்கிறது. எங்கள் மொழியில் ஒருவனைக் கேவலமாகத் திட்ட வேண்டுமென்றால் பொறுக்கி. அரிசியில் கல் பொறுக்கும் ஆச்சிமாரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பொறுக்கியெடுத்த கவிதைகள் என்று புத்தகம் போட்டால் மரியாதை. தெருவில் பொறுக்கினால் மட்டும் அது வசவு. வால்-ஈயைக் காதலன் என்பார்கள், சுற்றுச்சூழல் போராளி என்பார்கள், கடைசி மனிதன் என்றுகூட ஹாஸ்டலில் ஒருவன் சொன்னான். எனக்கு அது எப்போதும் ஒரு பொறுக்கிதான். அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். அன்றைய மதியத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் அதுதான்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். வால்-ஈ மெதுவாக நகரும்போது ஒரு முனகல் மாதிரி சத்தம் வருமே, அதைக் கேட்டு, கண்ணைத் திறக்காமலே, “இது டைனமோல்லா. கையால சுத்துற டைனமோ” என்றார்.

படத்தின் ஒலிகளை அமைத்தவர் பென் பர்ட். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் ஆர்2-டி2 ரோபோவுக்குச் சத்தம் கொடுத்தவர். வால்-ஈயின் குரலும் அவருடையதுதான். வால்-ஈ நகரும் சத்தத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது, கையால் சுற்றி மின்சாரம் எடுக்கும் பழைய ராணுவ ஜெனரேட்டர் ஒன்றை. இது எனக்கு முன்பே தெரியும். படம் எப்படி எடுத்தார்கள் என்ற வீடியோவில் அவர் கைப்பிடியைச் சுற்றிக் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பென் பர்ட்டுக்கு இப்படி ஒரு ரசிகர் திருநெல்வேலி டவுனில் இருக்கிறார் என்று தெரிந்தால் நிச்சயம் சந்தோஷப்படுவார். வால்-ஈயோடு கூடவே திரியும் கரப்பான்பூச்சி ஓடும்போது வரும் கிடுகிடு சத்தம் கைவிலங்கின் சத்தம் என்று நான் சொன்னபோது அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. “இருக்கும், இருக்கும்” என்றார். நான் சொல்வதை நம்பாதபோது அவர் சொல்லும் சொல் அது.

இதற்குள் ஈவ் வந்துவிட்டாள். செடி கொடி ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க வானத்திலிருந்து இறங்கும் வெள்ளை வெளேரென்ற ரோபோ. எதைக் கண்டாலும் முதலில் சுடுவாள், அப்புறம்தான் பார்ப்பாள். அம்மாவுக்கு அவளை ஆரம்பத்தில் பிடிக்கவே இல்லை. “பொறுமன்னா என்னன்னே தெரியாது போல.” வால்-ஈ அவள் பின்னாலேயே போய், மறைந்து பார்த்து, இடித்துக்கொண்டு, உருண்டு விழுவதைப் பார்த்து அப்பா, “சந்திரபாபு மாதிரியே விழுதான்” என்றார். படக்குழு சாப்ளின், பஸ்டர் கீட்டன் நடித்த ஊமைப்படங்களை மாதக்கணக்கில் தினமும் மதிய இடைவேளையில் போட்டுப் பார்த்ததாகப் படித்திருக்கிறேன். பேசாமல் எவ்வளவு சொல்ல முடியும் என்று கற்றுக்கொள்ளத்தான். அந்த வீழ்ச்சி சந்திரபாபுவின் வீழ்ச்சியாக எங்கள் ஹாலில் வந்து இறங்கியதில் தப்பில்லை.

வால்-ஈ பொறுக்கி வைத்திருந்த செடி கிடைத்ததும் ஈவ் அதை உள்ளே வாங்கிக்கொண்டு அப்படியே அணைந்துபோவாள். வால்-ஈக்கு என்ன ஆயிற்றென்று புரியாது. வெயிலில் உட்கார்த்திப் பார்க்கும், மழையில் குடை பிடிக்கும், இடி விழ விழக் குடையை மாற்றிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும், கயிறு கட்டிப் படகு சவாரி கூட்டிப்போகும். ஹாஸ்டலில் இந்த இடத்தில் எட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. “நெனவில்லாம கெடக்குறவள வச்சுப் பாக்கான். பாக்குறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்” என்றாள். பக்கவாதம் வந்து கிடந்த எங்கள் ஆச்சியை மூன்று வருஷம் பார்த்துக்கொண்டவள் அம்மா. பின்னால் கப்பலில், ஈவ் தன் பதிவைத் தானே ஓட்டிப் பார்த்து, அணைந்துகிடந்தபோது இது என்னவெல்லாம் செய்தது என்று தெரிந்துகொள்ளும் காட்சி வரும். அம்மா சொன்னாள், படத்திலேயே உருப்படியான இடம் அதுதான் என்று. “நாம செஞ்சது அவியளுக்கு ஒரு நாளாவது தெரியணும்லா.” யாரும் பதில் பேசவில்லை.

இனி பெரிய வழக்கு. என் ரூம்மேட்டின் வாதம் 2009-லிருந்து மாறவில்லை. முதல் 40 நிமிஷம் கிட்டத்தட்ட ஊமைப்படம், அது காவியம். கப்பலுக்குப் போனதும் ஓட்டமும் துரத்தலுமாகச் சாதாரண கார்ட்டூன் ஆகிவிடுகிறது. ஈவைத் திரும்பக் கூட்டிப்போகும் ராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு வால்-ஈ தொங்கும்போது படத்தை நிறுத்திவிட வேண்டும் என்பான். ஆஸ்காரில் ஆறு பிரிவுகளில் பரிந்துரை வாங்கி, சிறந்த அனிமேஷன் விருதோடு நின்றுபோனதும், சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம் கிடைக்காததும் இந்த இரண்டாம் பாதியால்தான் என்பது அவன் கட்சி. அடுத்த வருஷமே அந்தப் பட்டியலை ஐந்திலிருந்து பத்தாக ஆக்கிவிட்டார்கள். ஒரு வருஷம் பிந்திப் பிறந்திருக்க வேண்டிய படம் என்று அவன் புலம்புவதில் மட்டும் எனக்கும் சம்மதம்.

நானும் ரொம்ப காலம் பாதிக்குப் பாதி அவன் பக்கம்தான். கப்பல் காட்சிகளில் என் கவனம் சிதறும். கப்பலை ஓட்டும் தானியங்கி மாலுமியின் ஒற்றைச் சிவப்புக் கண் எந்தப் பழைய விண்வெளிப் படத்துக்கு வணக்கம் வைக்கிறது, ஏ113 என்ற ரகசிய ஆணை எண் உண்மையில் பிக்ஸார்காரர்கள் பலர் படித்த கால்ஆர்ட்ஸ் கல்லூரியின் வகுப்பறை எண்ணாமே என்று துணுக்கு பொறுக்கப் போய்விடுவேன்.

அன்று கப்பலில் மனிதர்கள் வந்தார்கள். மிதக்கும் நாற்காலியில் படுத்தபடியே, முகத்துக்கு நேரே திரை, கையில் குவளை, உடம்பெல்லாம் பஞ்சு மூட்டை. மைத்துனன் சிரித்தான். “அத்தான், இது நம்ம ஆபீஸ்!”

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். அவள் சிரிக்கவில்லை, தம்பியைத்தான் பார்த்தாள். “தின்னு தின்னு ஊதிட்டாங்கன்னு நெனைக்கிறியா? எலும்பப் பாரு.”

கேப்டனுக்குத் திரையில் வரும் அறிவிப்பை நிறுத்திக் காட்டினாள். ஈர்ப்பு குறைவான இடத்தில் நெடுநாள் இருந்ததால் எலும்பு தேய்ந்திருக்கலாம் என்று கம்பெனி நயமாகச் சொல்லும் இடம். விண்வெளியில் இருப்பவர்களுக்கு, உடம்பின் எடையைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறையும், தினமும் மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்யாவிட்டால் ஆளே நிற்க முடியாது என்றாள். இடுப்பு எலும்பு உடைந்து ஆறு வாரம் படுத்துக் கிடந்தவர்களை எழுப்பி நிறுத்துவதுதான் அவளுடைய அன்றாட வேலை. “மொத நாள் கட்டில் ஓரத்துல கால் தொங்கப் போட்டு உக்காரவே பயப்படுவாங்க. இந்த கேப்டன் ஒரே மூச்சுல எந்திரிச்சு நடக்கிறதெல்லாம் சும்மா. ஆனா எந்திரிக்கும்போது மூஞ்சி இருக்கு பாருங்க, அது உண்மை. எங்க வார்டுல தினமும் பாக்குற மூஞ்சி.”

குண்டானவர்களைக் கேலி செய்கிறது என்று படம் வெளிவந்தபோதே அமெரிக்காவில் ஒரு சாரார் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். குழந்தைகள் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கும்போது சிரிப்பு எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தால் தெரியும். ஸ்டான்டன் முதலில் எலும்பே இல்லாத ஜெல்லி மாதிரி ஜீவன்களாக யோசித்து, பிறகு பெரிய சைஸ் கைக்குழந்தைகளாக மாற்றினார். மனைவி சுட்டிக்காட்டியது இன்னொன்று. நாற்காலியிலிருந்து விழுந்த ஒருவரும் திரை அணைந்துபோன ஒருத்தியும் கப்பல் ஜன்னலில் வால்-ஈயும் ஈவும் பறந்து ஆடுவதைப் பார்ப்பார்கள். அப்போது இருவர் கையும் தற்செயலாக உரசும். இருவரும் திடுக்கிடுவார்கள். பிறந்ததிலிருந்து யாரும் தொட்டதில்லை என்கிற திடுக்கிடல். இதை நான் இத்தனை தடவையும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். முதல் பாதியில் வால்-ஈ பழைய வீடியோ கேசட்டில், 1969-இல் வந்த ‘ஹலோ, டாலி!’ படத்துப் பாட்டில், இரண்டு பேர் கை கோப்பதைப் பார்த்துப் பார்த்துத் தன் இரண்டு கையையும் தானே கோத்துக்கொள்ளும். அந்தக் கை கோப்பதற்கு இரண்டாம் பாதியில்தான் மனுஷக் கை வருகிறது. ரூம்மேட் சொல்வது மாதிரி ராக்கெட்டோடு நிறுத்தினால் பாட்டில் பல்லவி மட்டும் கேட்ட கதை.

மகளுக்கு இந்தப் பஞ்சாயத்தில் அக்கறை இல்லை. அவளுக்குப் பிடித்தது மோ. தரையில் கோடு போட்ட பாதையிலேயே போய் அழுக்கைத் துடைக்கும் குட்டி ரோபோ. வால்-ஈயின் சக்கர அழுக்கைப் பார்த்துப் பதறி, துடைத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் போட்ட கோட்டைவிட்டு இறங்கிவிடும். இறங்குவதற்கு முன் ஒரு வினாடி தயங்கும். மகள் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வாள், நாலாவது தடவையும். “ஆச்சி, இது நீங்கதான்” என்றாள். அம்மாவுக்கு வீட்டில் யாராவது செருப்போடு வந்தால் இதே பதற்றம்தான்.

கடைசியில் அந்த இடம் வந்தது. கப்பலில் நசுங்கிப்போன வால்-ஈயை ஈவ் பூமிக்குத் தூக்கி வருகிறாள். அலமாரியிலிருந்த உதிரிகளை எடுத்து, கண்ணை மாற்றி, போர்டை மாற்றி, கூரையைத் துளைத்து வெயில் பாய்ச்சுகிறாள். வால்-ஈ எழுந்துகொள்கிறது. ஆனால் அவளை அடையாளம் தெரியவில்லை. தான் பொறுக்கிச் சேர்த்ததையெல்லாம் அள்ளி வயிற்றில் போட்டு அமுக்குகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த அமுக்கும் சத்தம் எனக்கு ஆகாது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா, “ஐயய்யோ” என்றாள். ஈவ் அதன் கையைப் பிடிக்கிறாள். பாட்டு மெல்ல வருகிறது. தலையோடு தலை உரச ஒரு பொறி. ஒன்றும் நடக்கவில்லை. விலகப் போகிறாள். கை விடவில்லை. வால்-ஈ திரும்பி வந்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போனது.

திண்ணைக்கு வந்தோம். முருங்கை மரம்கூட ஆடாத புழுக்கம். விசிறி மட்டையை அம்மா எடுத்துக்கொண்டாள். நான் ரூம்மேட்டுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன். அவன் எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தான். “போர்டையே மாத்தினப்புறம் நினைவு எங்கேருந்துப்பா வரும்? அது ஏமாத்து வேலை. மறந்துபோனதோட முடிச்சிருக்கணும்.”

“தம்பி சொல்றது சரிதான். போர்ட மாத்துனா பழசு வராது” என்றார் அப்பா. ரூம்மேட் துள்ளினான், 15 வருஷத்துக்கு மேலாக அவன் காத்திருந்த ஆதரவு.

“ஆனா ஒண்ணு” என்றார் அப்பா. “மொத அரைமணி நேரத்துல செத்துக் கெடந்த இன்னொருத்தன் சக்கரத்தக் கழத்தி மாட்டிக்கிட்டான், பாத்தியா? அலமாரியில கண்ணு ஒண்ணு எக்ஸ்ட்ரா வச்சிருந்தான். எழுநூறு வருஷம் ஓடிருக்கான். எத்தனை தடவ என்னென்ன மாத்துனானோ. மொதல்ல வந்த போர்டுதான் உள்ள இருந்துச்சுன்னு எப்பிடிச் சொல்லுத?”

ரூம்மேட் வாயடைத்துப்போனான். நானும்தான். இறந்த சகோதரனின் உறுப்பைத் திருடி வாழ்கிற இருண்ட பக்கம் என்று இதே காட்சியைப் பற்றி எங்கள் கோஷ்டியில் ஒருவன் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறான். அப்பாவுக்கு அதில் இருட்டு ஒன்றும் தெரியவில்லை. ஒன்று நின்றுபோனால் அதில் ஓடக்கூடியது இன்னொன்றில் ஓடும், அவ்வளவுதான்.

நான் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை ஓட்டிய சைக்கிள் அப்பா கடையில் பிறந்தது. பிரேம் ஒரு வண்டியிலிருந்து, ஹேண்டில்பார் இன்னொன்றிலிருந்து, முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு ஊர். என்ன கம்பெனி சைக்கிள் என்று பசங்கள் கேட்டால் சொல்லத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு பாகமாவது மாறும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது ஆறாம் வகுப்பில் இருந்ததில் பெல் மூடி மட்டும்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். ஆனாலும் கூட்டத்தில் நிறுத்தியிருந்தால் இருட்டில்கூடக் கை வைத்துச் சொல்லிவிடுவேன், இது என்னுடையது என்று.

“ஒங்க அப்பாகிட்ட யாரு பேச முடியும்” என்று அம்மா விசிறிக்கொண்டே சொன்னாள். மகள், “தாத்தா, நினைவு போர்டுல இல்ல, கையில இருக்கு. ஈவ் கையப் பிடிச்சதும்தான வந்துச்சு” என்றாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “ஏட்டி, அது சரிதான். கையப் பிடிச்சதும்தான் வந்துச்சு.” ரூம்மேட் மட்டும், “அப்பா, அப்போ நீங்க என் பக்கமா இல்லையா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். சிக்னல் போய்விட்டது, அல்லது அப்பா துண்டித்துவிட்டார்.

ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. படம்தான் முடிந்துவிட்டதே என்று அம்மா அடுக்களைக்குக் கிளம்பினாள். மகள் விடவில்லை. கடைசியில் பெயர் ஓடும்போது வரும் படங்களைப் பார்க்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாதாம். அவள் சொன்னது சரி. ஒற்றைச் செடியை நட்டு இவர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெயர் ஓடும்போது எழுந்து போனவர்கள். குகை ஓவியத்தில் தொடங்கும். மனிதனும் ரோபோவுமாக நெருப்பு மூட்டுகிறார்கள். எகிப்தியச் சுவர்ச் சித்திரம், பதித்த கல் ஓவியம், அப்புறம் வான் கோ பாணிச் சூரியகாந்தி. கிணறு வெட்டுகிறார்கள், விதைக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். மனிதனின் ஓவிய வரலாறு முழுவதையும் இரண்டாம் தடவை முதலிலிருந்து வரைந்து முடிக்கிறார்கள். பீட்டர் கேப்ரியல் பாடிக்கொண்டிருப்பார்.

கடைசிப் படத்தில் வால்-ஈயும் ஈவும் ஒரு பெரிய மரத்தடியில் நிற்கிறார்கள். அப்படியே மண்ணுக்குள் வேரைப் பிடித்துக்கொண்டு இறங்கினால், அடியில் அந்தப் பழைய பூட்ஸ். வால்-ஈ செடியை மண்ணோடு அள்ளிப் போட்டுவைத்த அதே பூட்ஸ்.

அப்பா டிவியை நெருங்கிப் போய்ப் பார்த்தார்.

“ஒத்தப் பூட்ஸாலா அது?”

“ஆமாப்பா, ஒண்ணுதான்.”

“சோடியா இருந்தா எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான். ஒத்தச் செருப்ப நான் கடையில எடைக்குக்கூட எடுத்ததில்ல” என்றவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காப்பி ஆயிற்றா என்று கேட்கப் போனார்.